கண்ணியமிகு காயிதே மில்லத்: சட்டசபைகளில் அன்னார் கொண்ட கொள்கைகள்

ஒரு தலைவருடைய பெருமையை அவர் அடைந்த வெற்றிகளைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். எத்தனை தேர்தலில் வென்றார், என்ன பதவி வகித்தார், எந்தச் சட்டத்தை நிறைவேற்றினார் என்றே நாம் கேட்கிறோம். ஆனால் முக்கியமான விவாதங்களில் எல்லாம் வாக்கெடுப்பில் தோற்றுப் போன ஒருவர், கட்சி வேற்றுமையின்றி அனைவராலும் மதிக்கப்பட்டு, இறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கண்ணியமிகு என்ற அடைமொழியுடனேயே நினைவு கூரப்படுகிறார். அவர்தாம் மர்ஹூம் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

காயிதே மில்லத் என்றால் சமுதாயத்தின் வழிகாட்டி என்று பொருள். இப்பெயரை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் இராது. ஆயினும் சட்டசபையிலும் அரசியல் நிர்ணய சபையிலும் அன்னார் எதற்காகப் பேசினார், எந்த விஷயத்தில் எந்த நிலையை மேற்கொண்டார், அதன் விளைவு என்ன ஆயிற்று என்பதை நம் இளைஞர் பலரும் அறியார். அதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேட்டையில் பிறந்தவர்

திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள் இஸ்மாயில் சாகிப் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகர். மார்க்கக் கல்வியும் உடையவர். தந்தையை இளமையிலேயே இழந்த பிள்ளையைத் தாயார்தாம் ஓதவைத்துப் படிக்க வைத்து ஆளாக்கினார். திருநெல்வேலியிலும் பின்னர் திருச்சியிலும் சென்னையிலும் கல்வி பயின்றார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தெளிவாகப் பேசும் ஆற்றல் மாணவப் பருவத்திலேயே வாய்த்திருந்தது.

1920-ஆம் ஆண்டு கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் பரவின. அரசினர் கல்வியைத் துறந்து வரும்படி மாணவர்களுக்குக் காந்தியடிகள் அழைப்பு விடுத்தார். பட்டப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த இஸ்மாயில் சாகிப் பரீட்சை எழுதாமல் வெளியேறினார். அந்தக் காலத்தில் பி.ஏ. பட்டம் என்பது வாழ்நாள் முழுவதுக்குமான சோற்றுக்கு உத்தரவாதம். அதைக் கைவிட்டவர் பிற்காலத்தில் பல கல்லூரிகள் எழுவதற்குத் துணை நின்றார் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்பட்ட தோல்கள் சென்னை வழியாகவே கப்பலேறின. அவ்வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. தோல் வணிகர்களின் சங்கப் பணிகளிலும் இஸ்மாயில் சாகிப் முன்னின்றார். கணக்கைச் சரிபார்த்துப் பேசுவது, எதிராளி சொல்வதை முழுவதும் கேட்பது, கோபத்தில் வார்த்தையை விடாதிருப்பது ஆகிய மூன்றும் வணிகனுக்கு வேண்டிய பண்புகள். அவை மூன்றும் பின்னாளில் சட்டசபையில் அன்னாருக்குக் கைகொடுத்தன.

சென்னைச் சட்டசபையில்

1945-இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைமை அன்னாரிடம் வந்தது. 1946-இல் நடந்த தேர்தலில் லீக் 28 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸ் மிகப் பெரும்பான்மை பெற்று ஆட்சி அமைக்க, அடுத்த பெரிய கட்சியான லீகின் தலைவர் இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்த ஆறு ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூன்று முதன்மந்திரிகள் மாறினர். எதிர்க்கட்சித் தலைவர் மாறவில்லை.

அக்காலத்துச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டளவு அன்று. ஆந்திரப் பகுதிகளும், மலபாரும், தென் கன்னடமும் அதில் அடங்கும். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது எனப் பல மொழி பேசும் முஸ்லிம்களுக்கு இஸ்மாயில் சாகிப் தலைவராக இருந்தார். ஜமீன் ஒழிப்பு, மதுவிலக்கு போன்ற பெரும் மாறுதல்கள் அச்சபையில் சட்டமான காலம் அது. 215 பேர் கொண்ட சபையில் 28 பேரால் எந்த மசோதாவையும் தடுத்து நிறுத்த இயலாது. குறையைச் சுட்டலாம், திருத்தம் கூறலாம், ஆட்சேபணையைப் பதிவு செய்யலாம், அவ்வளவே.

எதிர்க்கட்சி என்றால் எதிரிக் கட்சி என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர். அதிலும் 1947-க்குப் பிறகு, பிரிவினைக் கோரிக்கையை எழுப்பிய கட்சியின் பெயரைத் தாங்கிக்கொண்டு, சுதந்திர இந்தியாவின் ஒரு சட்டசபையில் எதிர் வரிசையில் அமர்வது எவ்வளவு கடினமான காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்னார் எழுந்து பேசும் ஒவ்வொரு முறையும், அன்னாருடைய நாட்டுப்பற்றையே எடைபோடும் கண்களுக்கு முன் பேச வேண்டியிருந்தது.

கலைத்துவிடலாமா?

நாடு பிரிந்த பின் 1947 டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீகின் பேரவை கராச்சியில் கூடி, இரு நாட்டுக்கும் இரு தனி அமைப்புகள் என்று தீர்மானித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலி கானும், இந்தியாவுக்கு இஸ்மாயில் சாகிபும் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர்.

இந்தியாவில் எஞ்சியிருந்த லீகைத் தொடர்ந்து நடத்துவதா, கலைத்துவிடுவதா? வட இந்தியாவில் பெருந்தலைவர் பலர் கராச்சிக்கும் லாகூருக்கும் சென்றுவிட்டனர். மிஞ்சியோரில் பலர் லீக் என்ற பெயரே ஆபத்து, கலைத்துவிட்டுக் காங்கிரஸில் சேர்வதே பாதுகாப்பு என்று கருதினர். அந்த அச்சத்தை நாம் இழிவாகப் பேசுவதற்கில்லை. பஞ்சாபிலும் டில்லியிலும் இரத்த ஆறு ஓடி ஆறு மாதங்கூட ஆகவில்லை. 1948 ஜனவரி 30-இல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு துயரத்திலும் கொந்தளிப்பிலும் இருந்தது.

அந்நிலையில்தான் 1948 மார்ச் 10-இல், இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் சென்னை அரசினர் விருந்து மண்டபத்தில் லீகின் பேரவை கூடிற்று. கலைப்பதற்கில்லை, இந்திய யூனியன் முஸ்லிம் லீகாகத் தொடர்வது என்ற முடிவு எடுக்கப்பட்டு, இஸ்மாயில் சாகிப் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கு அன்னாருடைய கொள்கையை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிவினை முடிந்துவிட்ட காரியம். இனி இந்த மண்ணே நம் மண், இதன் பாதுகாப்பே நம் பாதுகாப்பு என்பதில் அன்னார் எள்ளளவும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அதே சமயம், தன் குறைகளைத் தானே எடுத்துச் சொல்ல ஒரு சமூகத்துக்கு அமைப்பு வேண்டும், அது இரகசியமாக அன்றி வெளிப்படையாக, சட்டத்துக்கு உட்பட்டு இயங்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். நாட்டுக்கு விசுவாசமும் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதே அன்னார் வாழ்நாள் முழுவதும் வாதாடிய வழக்கு. அவ்வாண்டு செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை நடந்தபோது லீகின் மீது சந்தேகம் இன்னும் கூடிற்று. பலர் கட்சியை விட்டு விலகினர். அன்னார் விலகவில்லை.

தனிச் சட்டம்

1948-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினராக இஸ்மாயில் சாகிப் டில்லி சென்றார். அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட நகல் அரசியல் சட்டம் விதி விதியாக விவாதிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. நகலின் 35-ஆவது விதி, நாடு முழுவதுக்கும் ஒரே சிவில் சட்டம் ஏற்பட அரசு முயல வேண்டும் என்றது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்ற விஷயங்களில் ஒவ்வொரு சமயத்தாருக்கும் இருந்துவந்த தனிச் சட்டங்களை இது தொடும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முஸ்லிம்களின் மண வழக்குகள் ஷரீஅத் நீதிமன்றத்தில் தீர்க்கப்படுவதை அறிந்த நமக்கு இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்கும்.

1948 நவம்பர் 23-ஆம் நாள் இவ்விதி விவாதத்துக்கு வந்தபோது இஸ்மாயில் சாகிப் ஒரு திருத்தம் கொணர்ந்தார். தனக்கெனத் தனிச் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதே அதன் சாரம். திருத்தத்தில் முஸ்லிம் என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சமூகத்துக்கும் பொருந்துமாறே அது வரையப்பட்டிருந்தது. முஸ்லிமுக்குத் தனிச் சட்டம் சமயத்தின் பகுதி. அதைத் தொடுவது பல தலைமுறைகளாக மக்கள் நடத்திவரும் வாழ்க்கையைத் தொடுவதாகும். ஒற்றுமையைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது. மனநிறைவே ஒற்றுமைக்கு அடிப்படை என்று அன்னார் வாதித்தார். யுகோஸ்லாவியாவில் முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்துக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டதையும் உதாரணமாகக் காட்டினார்.

மறுபக்கத்தின் வாதங்களும் எளியவை அல்ல. சமயம் வேறு, சிவில் சட்டம் வேறு. ஒரே நாட்டுக்கு ஒரே சட்டம் இருந்தால்தான் தேசம் ஒன்றுபடும் என்றார் முன்ஷி. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அக்கருத்தையே ஆதரித்தார். அம்பேத்கர் இன்னும் நுட்பமாகப் பேசினார். முஸ்லிம் சட்டம் இந்தியா முழுவதும் ஒரே விதமாக என்றும் இருந்ததில்லை. வடமேற்கு எல்லைப்புறத்தில் நெடுங்காலம் வேறு வழக்கமே செல்லுபடியாயிற்று. வட மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கள் தாயத்தைப் பின்பற்றினர் என்று எடுத்துக் காட்டினார். மலபார் முஸ்லிம்களையும் சேர்த்துப் பிரதிநிதித்துவம் வகித்த இஸ்மாயில் சாகிபுக்கு இது நேரடியான பதில். ஆயினும், அரசுக்கு அதிகாரம் இருப்பதால் அதை உடனே பிரயோகிக்க வேண்டும் என்பதில்லை என்றும், வருங்காலப் பார்லிமெண்டு தொடக்கத்தில் விரும்புவோர்க்கு மட்டும் பொருந்துமாறு சட்டம் செய்யலாம் என்றும் அம்பேத்கர் சொல்லி வைத்தார்.

திருத்தம் தோற்றது. நகலின் 35-ஆவது விதி, நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 44-ஆவது விதியாயிற்று. ஆனால் அது நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாத நெறிமுறைகளின் வரிசையில் இடம்பெற்றது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் அப்படியே நீடித்தது. அன்னார் கேட்ட உத்தரவாதம் எழுத்தில் கிடைக்கவில்லை. கேட்ட பொருள் மட்டும் அன்னாரின் காலம் முழுதும் கலையாமல் இருந்தது. இவ்விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. 2024-இல் உத்தராகண்ட் மாநிலம் பொது சிவில் சட்டம் இயற்றியபோது, 1948-இல் இருபுறமும் சொல்லப்பட்ட அதே காரணங்களே மீண்டும் பேசப்பட்டன.

தனித் தொகுதி

இரண்டாவது பெரிய விவாதம் தேர்தல் முறை பற்றியது. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முதல் இந்தியாவில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி முறை இருந்துவந்தது. முஸ்லிம் வாக்காளர்களுக்குத் தனிப் பட்டியல். அவர்கள் முஸ்லிம் அபேட்சகருக்கே வாக்களிப்பர். இடம் ஒதுக்குவது வேறு, தனித் தொகுதி வேறு. ஒதுக்கீட்டில் இடம் ஒரு சமூகத்துக்கு உரியது, ஆனால் வாக்கு எல்லோருடையது. தனித் தொகுதியில் இடமும் வாக்கும் அச்சமூகத்துக்கே. இஸ்மாயில் சாகிப் 1946-இல் சட்டசபைக்கு வந்ததும் அம்முறையில்தான்.

சர்தார் பட்டேலின் தலைமையில் இருந்த சிறுபான்மையோர் ஆலோசனைக் குழு, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தவிர வேறு எவருக்கும் சட்டசபை இடங்களை ஒதுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. 1949 மே 25, 26 தேதிகளில் சபை அதை விவாதித்தது. இஸ்மாயில் சாகிப் எழுந்து, ஒதுக்கீடும் தனித் தொகுதியும் நீடிக்க வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார்.

அந்தச் சபையில் அதைவிட வெறுக்கப்பட்ட கோரிக்கை வேறொன்று இருந்திருக்க முடியாது. நாட்டைப் பிளந்ததே தனித் தொகுதிதான் என்பது அங்கிருந்தோரில் மிகப் பெரும்பாலோருடைய திடமான நம்பிக்கை. இஸ்மாயில் சாகிப் அதை மறுத்தார். பிரிவினைக்குக் காரணங்கள் வேறு. தன் மனத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லத்தக்க பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுப்பது ஒரு சமூகத்தைப் பிரித்து வைப்பதற்கல்ல, அதற்கு மனநிறைவு தருவதற்கே என்றார். பெரும்பான்மையோரின் வாக்கால் வரும் சிறுபான்மைப் பிரதிநிதி, தன் சமூகம் விரும்பாததையும் அதன் பெயரால் ஒப்புக்கொள்ள நேரிடும் என்பது அன்னாரின் கவலை.

இதில் முஸ்லிம் அங்கத்தினரே ஒருமித்து நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்றோர் ஒதுக்கீட்டையே கைவிட வேண்டும் என்று பேசினர். தனித்து நிற்பதால் சந்தேகமே வளரும், பெரும்பான்மையோரின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்வதே சிறுபான்மைக்கு அரண் என்பது அவர்கள் கருத்து. சர்தார் பட்டேல் கடுமையாகப் பதிலளித்தார். திருத்தம் தோற்றது.

இந்தச் சண்டை எதற்கு, தோற்பது தெரிந்தும் கேட்பானேன் என்று அன்று பலர் கேட்டனர். எண்ணிப் பார்த்தால் அன்னார் நின்ற நிலை விளங்கும். எந்த மக்களின் வாக்கைப் பெற்றுச் சபைக்கு வந்தாரோ அந்த மக்கள் கொண்டிருந்த கருத்து அதுதான். அதைச் சொல்லாமல் மௌனமாக இருந்திருந்தால் அன்னாருக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கும். அவர்களுடைய கருத்து எந்தக் குறிப்பிலும் ஏறாமல் போயிருக்கும்.

மொழி

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதங்களில் மிகவும் சூடானது இதுவே. நாகரி எழுத்தில் இந்தி, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை, எண்கள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கே நாட்கணக்கில் சண்டை என்று சபை கொந்தளித்தது.

இஸ்மாயில் சாகிப் இதில் இரண்டு விஷயங்களைச் சொன்னார். பொது மொழி ஒன்று வேண்டுமெனில் காந்தியடிகள் விரும்பியபடி, நாகரி, உருது ஆகிய இரு எழுத்திலும் எழுதப்படும் இந்துஸ்தானியே தகுந்தது என்பது ஒன்று. பழமையை அளவுகோலாகக் கொண்டு ஒரு மொழிக்கு உரிமை கோரினால், இந்த மண்ணில் பேசப்படுபவற்றுள் மிகப் பழமையானவை திராவிட மொழிகளே. அவற்றிலும் இலக்கிய வளம் மிக்க தமிழுக்கே அந்த இடம் சேரும் என்பது மற்றொன்று.

முஸ்லிம் லீகின் தலைவர் உருதுவுக்காக மட்டும் வாதாடுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கும். ஆனால் பேட்டையில் பிறந்தவர்க்குத் தமிழ் தாய்மொழி. சமயத்தால் முஸ்லிமாகவும் மொழியால் தமிழராகவும் வாழ்வதில் எவ்வித முரண்பாடும் இல்லை என்பதை டில்லியில் அந்தச் சபையின் நடுவே அன்னார் நிலைநாட்டினார். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் மறக்கக்கூடாத பேச்சு இது.

இதிலும் சபை அன்னாரின் கருத்தை ஏற்கவில்லை. இந்தி ஆட்சிமொழி ஆயிற்று. பதினைந்து ஆண்டுத் தவணை முடியவிருந்த 1965 ஜனவரியில் தமிழகமே கொதித்தெழுந்ததும், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1967-இல் சட்டம் திருத்தப்பட்டதும் பின்னால் நடந்த வரலாறு.

தோல்விக்குப் பின்

1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. தனித் தொகுதி போயிற்று, ஒதுக்கீடு போயிற்று. இனி லீக் எப்படிப் பிழைக்கும் என்றே எல்லோரும் கேட்டனர். வேறொருவராயிருந்தால் அநீதி நடந்துவிட்டது என்று கூறிச் சபையைப் புறக்கணித்திருக்கலாம். இஸ்மாயில் சாகிப் செய்தது முற்றிலும் வேறு. சபை நிறைவேற்றிய சட்டத்தை மனமார ஏற்று, அச்சட்டத்துக்கு உட்பட்டுப் பொதுத் தொகுதியில் போட்டியிடுவதற்குத் தம் கட்சியைத் தயார்ப்படுத்தினார்.

1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே மலப்புரம் தொகுதியிலிருந்து லீகின் போக்கர் சாகிப் லோக் சபைக்குச் சென்றார். இஸ்மாயில் சாகிப் சென்னை மாநிலத்திலிருந்து ராஜ்ய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1958 வரை பணியாற்றினார். 1962-இல் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் போட்டியிட்டு லோக் சபைக்கு வென்றார். 1967-இலும் 1971-இலும் அதே தொகுதி மீண்டும் அன்னாரையே அனுப்பியது.

மஞ்சேரி மலையாள நாடு, அன்னாரோ தமிழர். பொதுத் தொகுதியே கூடாது என்று 1949-இல் வாதாடியவரைப் பொதுத் தொகுதி ஒன்று மூன்று முறை தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. அப்படியானால் 1949-இல் அன்னார் கொண்ட அச்சம் தவறா? முழுவதும் தவறென்று சொல்வதற்கில்லை. மஞ்சேரியில் முஸ்லிம்கள் அடர்த்தியாக வாழ்ந்தனர். அங்கு வென்றதைக் கொண்டு எங்கும் வெல்லலாம் என்று கூற முடியாது. தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் ஊருக்குச் சிலராகச் சிதறி வாழ்பவர்கள். அங்குத் தனித்து நின்று வெல்வது அரிது.

இதற்கு அன்னார் கண்ட வழி பிற கட்சிகளுடன் உடன்பாடு. கேரளத்தில் 1960-இல் காங்கிரஸ் அணியுடனும், 1967-இல் நம்பூதிரிபாட் தலைமையிலான அணியுடனும் லீக் சேர்ந்து நின்றது. 1967-இல் முதன்முறையாக லீகினர் மந்திரிகளாயினர். முகம்மது கோயா கல்வி மந்திரியானார். 1969-இல் மலப்புரம் மாவட்டம் உருவாயிற்று. தமிழகத்தில் 1967-இல் அண்ணாவின் தலைமையில் அமைந்த கூட்டணியில் ராஜாஜியுடன் காயிதே மில்லத்தும் இடம்பெற்றார். இருபது ஆண்டுக் காங்கிரஸ் ஆட்சி அத்தேர்தலில் முடிவுற்றது. 1971-இல் முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள பெரியகுளம் தொகுதியிலிருந்தே லீகின் எஸ். எம். ஷரீப் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரும்பான்மைச் சமூகத்தாரின் வாக்கைப் பெற்றும் தன் கட்சியின் பெயரை மறைக்காமல் சபைக்குச் செல்ல இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று. ஆயினும் உடன்பாட்டினால் வரும் இடம் உடன்பாடு உள்ளவரைதான். கூட்டணித் தலைவர்களின் தயவை நோக்கியிருக்க வேண்டிய நிலை, 1949-இல் அன்னார் கவலைப்பட்ட நிலைக்கு அதிகத் தொலைவில் இல்லை. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே நாம் காண வேண்டும்.

கிடைத்ததைக் கொண்டு செய்த பணி

அரசியல் நிர்ணய சபையில் கேட்டவை கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்த ஒன்றை அன்னார் வீணாக்கவில்லை. சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை அமைத்து நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆவது விதி வழங்கியிருந்தது. சட்டசபையில் இடம் குறைந்தால் கல்லூரியில் இடம் கூட வேண்டும் என்பது போல, கல்வி கல்வி என்று ஊரூராகச் சொல்லி வந்தார். 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றின. இவை சமுதாயப் பெரியோர் பலரின் கொடையாலும் உழைப்பாலும் எழுந்தவை. அம்முயற்சிகளுக்குக் காயிதே மில்லத்தின் ஊக்கமும் துணையும் உரமாக நின்றன. இக்கல்லூரிகளில் எல்லாச் சமயத்து மாணவர்களும் படிக்கிறார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அன்னாருடைய சொந்த வாழ்க்கை மிக எளியது. சென்னைக்கு அடுத்த குரோம்பேட்டையில் ஆடம்பரமற்ற இல்லம். கதர் உடையும் துருக்கித் தொப்பியும். நகருக்குள் வர மின்சார ரயில். கட்சிப் பணத்துக்கும் சொந்தப் பணத்துக்கும் இடையே கோடு கிழித்து வாழ்ந்தவர் என்பதை மாற்றுக் கட்சியினரும் ஒப்புக்கொண்டனர். மேடையில் பிற தலைவர்களை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் பழக்கம் அன்னாரிடம் கிடையாது. கண்ணியமிகு என்ற அடைமொழி அன்னாருக்குச் சங்கம் கூடிச் சூட்டிய பட்டம் அன்று. நடத்தையைக் கண்டு மக்கள் வாயில் தானாக வந்த சொல்.

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் காயிதே மில்லத் சென்னையில் காலமானார். அப்போதும் லோக் சபை அங்கத்தினராகவே இருந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். சென்னை அண்ணா சாலையிலுள்ள அரசினர் மகளிர் கல்லூரி அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறந்த நூற்றாண்டான 1996-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. தலைவர்களின் பெயரை மாவட்டங்களுக்குச் சூட்டும் வழக்கம் 1997-இல் கைவிடப்படும்வரை நாகை மாவட்டமும் அப்பெயரால் வழங்கிற்று. அரசியல் நிர்ணய சபையில் அன்னாரின் திருத்தங்களைத் தோற்கடித்த அதே நாடு செய்த மரியாதை இது.

நாம் கொள்ள வேண்டியது

வாசகர்களே! தனிச் சட்டம், தனித் தொகுதி, மொழி ஆகிய மூன்றிலும் காயிதே மில்லத் கொண்ட கொள்கைகளை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அன்று அவற்றை மறுத்தவர்களிடமும் நேர்மையான காரணங்கள் இருந்தன. அம்பேத்கர் போன்ற மேதையின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அன்னார் நடந்துகொண்ட முறையில் கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். சபையின் முடிவு எதிராக வந்தபோது அதற்குக் கட்டுப்பட்டார். கட்டுப்பட்டதால் தம் கருத்தைக் கைவிட்டார் என்பதுமில்லை. கருத்தைக் கைவிடாததால் நாட்டைப் பகைத்தார் என்பதுமில்லை.

நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் ஒரு தீர்மானம் தோற்றுவிட்டால் மறுநாளே புதுச் சங்கம் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருப்பதும், வென்றவர் தோற்றவரை ஏளனம் செய்வதும் நமக்குப் புதிதல்ல. தோற்றபின் அடுத்த கூட்டத்துக்கும் நேரத்தோடு வந்து, அதே இடத்தில் அமர்ந்து, அடுத்த விஷயத்தை அமைதியாக எடுத்துரைப்பது எப்படி என்பதை அறிய விரும்புவோர் காயிதே மில்லத்தின் வாழ்க்கையைப் படிக்கட்டும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக. ஆமீன்.